புள்ளி தொலையாமல் டேட்டாபேஸ் மாற்ற எந்தக் கருவி? நான்கு இலவசக் கருவிகள், ஒரு மதிப்பாய்வு

பழைய தமிழ்த் தளத்தின் டேட்டாபேஸைப் புதிய சர்வரில் ஏற்றியதும் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதா? மேலே சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, நடுநடுவே யூரோ குறி என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் தரவு இன்னும் கெட்டிருக்காது, படிக்கும் முறைதான் மாறியிருக்கும். தேடிக் கிடைத்த முதல் கட்டளையை அவசரத்தில் ஓட்டும்போதுதான் அது நிஜமாகக் கெடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் நான்கு கருவிகளை இங்கே பார்க்கலாம்: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தன்னோடு தரும் கட்டளைகள், பைத்தானில் எழுதப்பட்ட எஃப்டிஎஃப்ஒய், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு ஏற்றும் பிஜிலோடர், லினக்ஸில் கூடவே வரும் குறியாக்க மாற்றி ஐகான்வ். நான்கும் இலவசம். ஆங்கிலக் கட்டுரைகள் ஐரோப்பிய மொழிகளை வைத்துத் தரும் தீர்ப்பு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. காரணம் நான்கே எழுத்துகள்.

முதலில் நோய். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான குறியாக்கம் (எழுத்தை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1, வரிசைமுறை (கொலேஷன், எழுத்தை ஒப்பிட்டு அடுக்கும் விதி) ஸ்வீடிஷ் (கட்டியவர்கள் ஸ்வீடன் நிறுவனத்தார்). பழைய பிஎச்பி நிரல், யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பும், ஆனால் இணைப்பில் ‘நான் லத்தீன்1’ என்று அறிவிக்கும். புலமும் (அட்டவணையின் நெடுவரிசை) லத்தீன்1 என்பதால் சர்வர் எதையும் மாற்றாமல் பைட்டுகளை அப்படியே எழுதிக்கொள்ளும். படிக்கும்போதும் அதே பொய், அதே பைட். இரண்டு தப்பு சேர்ந்து பக்கம் பல ஆண்டுகள் சரியாகவே தெரியும். 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இயல்பு யூடிஎஃப்8எம்பி4 (ஒரு குறிக்கு நான்கு பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்-8) ஆனது. புதிய இணைப்பு உண்மையைச் சொன்னவுடன் சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக எண்ணி யூடிஎஃப்-8-க்கு மாற்றிக் கொடுக்கிறது. பூச்சி அங்கேதான் பிறக்கிறது.

எந்தக் கருவியைத் தொடும் முன்பும் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புலத்தில் ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் இருக்கும் ஒரு வரியைத் தேர்ந்து, லெங்த் (பைட் எண்ணிக்கை), கேர்_லெங்த் (குறி எண்ணிக்கை), ஹெக்ஸ் (பைட்டுகள் பதினாறடி எண்களில்) மூன்றையும் கேளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

லெங்த் 15, கேர்_லெங்த் 5 என்றால் நலம், கை வைக்காதீர்கள்.

15, 15 என்றால் லத்தீன்1 புலத்துக்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. இதை முதல் நிலை என்று வைத்துக்கொள்வோம். எளிதில் தீரும்.

30, 15 என்றால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை ‘மாற்றி’விட்டார்கள், இரட்டைக் குறியாக்கம். ஹெக்ஸ் விடை ‘சி3ஏ0சி2ஏஈ’ என்று தொடங்கும். நலமானது ‘ஈ0ஏஈ’ என்று தொடங்கும். இது இரண்டாம் நிலை.

5, 5 என்று வந்து ஹெக்ஸில் ‘3எஃப்’ ஐந்து முறை இருந்தால் அவை நிஜமான கேள்விக்குறிகள். எந்தக் கருவியும் உதவாது, பேக்கப்பைத் தேடுங்கள்.

ஒரே அட்டவணையில் மூன்று நிலைகளும் கலந்திருப்பது சகஜம். ஒரு தேதிக்கு முன்னால் இரட்டை, பின்னால் நலம் என்று கிடக்கும். வேர்ட்பிரஸில் 2.2-க்கு முந்தைய தளங்களுக்கு இது பழகிய கதை, இணைப்பின் குறியாக்கத்தைக் குறிப்பிடும் அமைப்பே அந்தப் பதிப்பில்தான் வந்தது. ஆகவே ஒரு வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், பழையது, நடுவிலுள்ளது, புதியது என்று எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த நான்கு எழுத்துகள். மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 பெயரில்தான் லத்தீன்1, உள்ளே இருப்பது விண்டோஸ்-1252. அந்தப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழ் யூடிஎஃப்-8-இல் உகரச் சுழியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. ‘ஏ’ 143-இல் முடியும், ‘ஐ’ 144-இல் முடியும். ஐந்து ஓட்டைகளில் நான்கில் நம் எழுத்துகள் விழுகின்றன, அதிலும் புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வரி தமிழ் எழுதுவதே அரிது. மைஎஸ்க்யூஎல் இந்த ஐந்து இடங்களையும் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதி இழப்பில்லாமல் போகவும் வரவும் விடுகிறது. மற்ற மென்பொருள்களில் பல அப்படி விடுவதில்லை. அதனால் ஒரு கருவி தமிழுக்கு ஆகுமா என்று பார்க்க ‘ஐந்து ஏக்கர்’ என்று இரண்டு சொல் போதும். நான்கு ஓட்டைகளும் அதில் உண்டு. கூடவே 149-இல் முடியும் ‘க’வும் உண்டு, அது விண்டோஸ்-1252-இல் தடித்த புள்ளிக்குறியாக மாறும் எழுத்து. இந்தச் சொற்றொடர் முழுதாக வெளியே வந்தால் கருவி தேறியது.

மைஎஸ்க்யூஎல்லின் சொந்தக் கட்டளைகள்

முதல் நிலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வழி இதுதான்: புலத்தை முதலில் குறியாக்கமே இல்லாத பைனரி வகைக்கு மாற்றுங்கள், பிறகு யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தோடு எழுத்து வகைக்குத் திருப்புங்கள். வார்கேர் என்றால் வார்பைனரி, டெக்ஸ்ட் என்றால் ப்ளாப், மீடியம்டெக்ஸ்ட் என்றால் மீடியம்ப்ளாப். பைனரிக்குப் போகும்போதும் வரும்போதும் சர்வர் பைட்டைத் தொடாது, பெயர்ப்பலகை மட்டும் மாறும். மைஎஸ்க்யூஎல் கையேடே பரிந்துரைக்கும் முறை இது.

இதற்குப் பதிலாக ‘கன்வெர்ட் டு கேரக்டர் செட்’ என்ற ஒற்றைக் கட்டளையைக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. சர்வர் புலத்தின் பெயர்ப்பலகையை நம்பி ஒவ்வொரு பைட்டையும் மாற்றி எழுதும், முதல் நிலையில் இருந்த அட்டவணை இரண்டாம் நிலைக்குப் போய்விடும். அந்தக் கட்டளை பழுதானதல்ல, உண்மையான லத்தீன்1 தரவுக்கு எழுதப்பட்டது.

கவனிக்க வேண்டியவை சில. அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் கட்டளையில் புலத்தை மாற்றும்போது ‘நாட் நல்’ (மதிப்பில்லாமல் விடக் கூடாது), இயல்பு மதிப்பு, குறிப்புரை எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். விட்டது விட்டதுதான், சர்வர் நினைவில் வைத்திருக்காது. இரண்டு படிகளும் அட்டவணையை முழுதாகப் படியெடுப்பதால் அட்டவணை அளவுக்கு வட்டில் காலி இடம் வேண்டும், அந்த நேரம் யாரும் எழுத முடியாது. பல புலங்கள் இருந்தால் ஒரே ஆல்டரில் எல்லாவற்றையும் பைனரிக்கும், அடுத்த ஆல்டரில் எல்லாவற்றையும் எழுத்துக்கும் மாற்றுங்கள். அப்போது பத்துப் புலத்துக்கும் இரண்டே படியெடுப்பு. சொல் தேட உதவும் ஃபுல்டெக்ஸ்ட் இன்டெக்ஸ் ப்ளாபில் நிற்காது, முதலில் நீக்கிக் கடைசியில் கட்டுங்கள். கேர் வகைப் புலத்தை நேராக பைனரிக்கு அனுப்பினால் மீதி இடம் சுழி பைட்டுகளால் நிரம்பி, திரும்பி வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வார்பைனரி வழியாகப் போங்கள். போஸ்ட்கிரெஸ் எழுத்துப் புலத்தில் சுழி பைட்டை ஏற்காது என்பதால் இதை இங்கேயே தீர்ப்பது நல்லது.

இன்டெக்ஸ் அளவு இன்னொரு தடை. யூடிஎஃப்8எம்பி4-இல் ஒரு குறிக்கு நான்கு பைட் என்று கணக்கு. பழைய வரிசை வடிவத்தில் எல்லை 767 பைட், அதாவது 191 குறி. வார்கேர் 255 புலத்தில் இன்டெக்ஸ் கட்டும்போது பிழை வந்தால் அட்டவணையின் வரிசை வடிவத்தை டைனமிக்காக மாற்றுங்கள், எல்லை 3072 ஆகும். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட்டே போதும், பழைய யூடிஎஃப்8 இருக்கட்டும் என்று விடாதீர்கள். ஈமோஜிக்கு நான்கு வேண்டும். 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்குதான்.

இந்த முறையை உண்மையில் நிறுத்தி வைப்பது அறுந்த வால். லத்தீன்1 வார்கேர் 255 என்றால் 255 பைட். தமிழில் அது 85 குறி. வெறும் தமிழாக இருந்தால் மூன்றால் சரியாக வகுபடும், ஆனால் நடுவில் இடைவெளி ஒன்று வந்தாலே கணக்கு பிசகி, 255-ஆம் பைட்டில் ஓர் எழுத்து நடுவில் வெட்டுப்படும். நீளமான கட்டுரைத் தலைப்புகளில் இது நிறையக் கிடைக்கும். இரண்டாம் படியில் பிழை 1366 வந்து ஆல்டர் நின்றுபோவது இதனால்தான். முன்கூட்டியே பிடிக்க, புலத்தை பைனரியாக்கி அதை யூடிஎஃப்8எம்பி4-ஆகப் படிக்கச் சொல்லுங்கள். மூலத்தில் மதிப்பு இருந்தும் விடை ‘நல்’ என்று வரும் வரிகள்தான் அறுந்தவை. வாலில் மிச்சமிருப்பது ஒன்று அல்லது இரண்டு பைட், பைனரி நிலையிலேயே அதை நறுக்கிவிட்டு மேலே போகலாம். தவறான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிட்டு ஓட்டினாலும் பிழை மறையும், எந்த வரியில் என்ன போயிற்று என்ற தடயமும் சேர்ந்து மறையும்.

இரண்டாம் நிலைக்கும் மைஎஸ்க்யூஎல்லிலேயே மருந்து உண்டு. புலத்தை லத்தீன்1-க்கு மாற்றி, அதை பைனரியாக்கி, அந்த பைனரியை யூடிஎஃப்8எம்பி4 என்று படிப்பது: கன்வெர்ட்(காஸ்ட்(கன்வெர்ட்(புலம் யூஸிங் லத்தீன்1) ஆஸ் பைனரி) யூஸிங் யூடிஎஃப்8எம்பி4). ஓட்டைகளை மைஎஸ்க்யூஎல் தானே அடைத்திருப்பதால் ‘ஐந்து ஏக்கர்’ பத்திரமாகத் திரும்பும். ஆனால் இதை, எந்த வரிகள் என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை இல்லாமல் அப்டேட்டில் போட்டால் நலமான தமிழ் வரிகள் அத்தனையும் லத்தீன்1-இல் இடமில்லாமல் கேள்விக்குறிகளாகும். இரண்டு நிபந்தனைகள் கட்டாயம்: லத்தீன்1-க்குப் போய்த் திரும்பி வந்த மதிப்பு மூலத்தோடு பைனரி ஒப்பீட்டில் சமமாக இருக்க வேண்டும், மேலே சொன்ன கோவையின் விடை நல் ஆக இருக்கக் கூடாது. முதலாவது நலமான தமிழைக் காப்பாற்றும். இரண்டாவது, உண்மையிலேயே பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துள்ள வரிகளைக் காப்பாற்றும்.

டேட்டாபேஸைக் கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் வழியாகவும் முதல் நிலையைத் தீர்க்கலாம், பெரிய அட்டவணைகளுக்கும் வேறு சர்வருக்குப் போவதற்கும் அது வசதி. வடிவத்தையும் தரவையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள். தரவை எடுக்கும்போது இயல்பு குறியாக்கம் லத்தீன்1 என்றும், குறியாக்கக் கட்டளையைக் கோப்பில் எழுதாதே என்றும் (ஸ்கிப்-செட்-கேர்செட்) சொல்லுங்கள். வடிவக் கோப்பில் மட்டும் லத்தீன்1 என்று வரும் இடங்களையும், புலங்களோடு ஒட்டியிருக்கும் லத்தீன்1 கொலேஷன்களையும் மாற்றுங்கள். ஏற்றும்போது யூடிஎஃப்8எம்பி4. தேடி-மாற்றும் வேலையைத் தரவுக் கோப்பில் செய்யாதீர்கள், கட்டுரை உள்ளே அதே சொல் இருந்தால் அதுவும் மாறும். விண்டோஸ் பவர்ஷெல்லில் பெரிதுக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால் அது யூடிஎஃப்-16 ஆகிவிடும், ‘ரிசல்ட்-ஃபைல்’ தெரிவைப் பயன்படுத்துங்கள். படம், கோப்பு வைத்திருக்கும் புலங்களுக்கு ‘ஹெக்ஸ்-ப்ளாப்’ சேருங்கள்.

இதில் ஓர் ஆபத்து: அட்டவணையில் ஒரு புலம் லத்தீன்1, மற்றொன்று நலமான யூடிஎஃப்8 என்றிருந்தால், லத்தீன்1 இணைப்பில் எடுத்த டம்பில் நலமான புலம் கேள்விக்குறிகளாக வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாப் புலமும் முதல் நிலையில் இருக்கும் அட்டவணைக்கு மட்டுமே இந்த வழி.

எஃப்டிஎஃப்ஒய்

ராபின் ஸ்பியர் எழுதிய பைத்தான் நூலகம். பூச்சி எழுத்தைக் கொடுத்தால் எப்படிக் கெட்டிருக்கும் என்று ஊகித்துத் திருப்பித் தரும். ஊகம் என்பதுதான் அதன் பலமும் பலவீனமும். நீளமான பத்தியில் அசத்தும். இரண்டெழுத்துப் பெயர், ஊர்க் குறியீடு போன்ற குட்டிப் புலங்களில் ஊகிக்கப் போதிய ஆதாரம் கிடைக்காது.

டேட்டாபேஸ் வேலையில் இதன் பெயர் பெற்ற ‘ஃபிக்ஸ்_டெக்ஸ்ட்’ செயலியை அழைக்கவே கூடாது என்பது எங்கள் முடிவு. அது குறியாக்கத்தோடு நிற்காமல் வளைந்த மேற்கோள்குறியை நேராக்கும், அகல எழுத்துகளைச் சுருக்கும், வரி முடிவுகளை மாற்றும், என்எஃப்சி என்ற சீரான யூனிகோட் வடிவுக்குக் கொண்டுவரும். இவற்றைக்கூடப் பொறுக்கலாம். சரத்தில் கோணக்குறி எதுவும் இல்லாவிட்டால் எச்டிஎம்எல் மறைகுறிகளை அவிழ்க்கும் என்பதுதான் கவலை. பயனர் எழுதிய ஸ்கிரிப்ட் துண்டை உங்கள் தளம் மறைகுறியாக்கிப் பத்திரமாக வைத்திருந்தால், இது அதை உயிரோடு எழுப்பிவிடும். ‘ஃபிக்ஸ்_என்கோடிங்’ மட்டும் போதும்.

அதையும்விட நல்லது ஊகத்தை ஒதுக்கிவிட்டு அதன் உள்ளே இருக்கும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது. ‘ஸ்லாப்பி-விண்டோஸ்-1252’ என்ற குறியாக்கம் அதில் உண்டு. பெயர் அலட்சியம் என்று சொன்னாலும் காரியத்தில் கெட்டி: ஐந்து ஓட்டைகளையும் மைஎஸ்க்யூஎல் போலவே அடைத்திருக்கிறது. பைத்தானின் சொந்த சிபி1252 புள்ளியைக் கண்டதும் ‘சார்மேப்’ பிழையோடு விழும், இது விழாது. எஃப்டிஎஃப்ஒய்யின் ‘பேட்_கோடெக்ஸ்’ பகுதியை இறக்கியதும் இந்தப் பெயர் கிடைக்கும். செய்ய வேண்டியது இரண்டு படி: சரத்தை ஸ்லாப்பி குறியாக்கத்தில் பைட்டாக்கு, அந்த பைட்டை யூடிஎஃப்-8-ஆகப் படி. எந்தப் படியில் பிழை வந்தாலும் அந்த வரியைத் தொடாமல் விடு. நலமான தமிழ் வரி முதல் படியிலேயே பிழை கொடுத்து ஒதுங்கிவிடும், மைஎஸ்க்யூஎல் போலக் கேள்விக்குறி போடாது. நிலைகள் கலந்த அட்டவணைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

மும்முறை கெட்ட தரவும் உண்டு. அப்போது இதே இரண்டு படியைப் பிழை வரும்வரை திருப்பி ஓட்டலாம். ஆனால் தமிழ் எழுத்தின் முதல் பைட்டான 224, இரட்டைக் குறியாக்கத்தில் 195, 160 என்று பிரிகிறது, அடுத்த சுற்றில் அந்த 160 உடையா இடைவெளியாக நிற்கும். இடையில் ஏதாவது ஒரு நிரல் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றியிருந்தால் இரண்டு படி தோற்கும். அங்கே மட்டும் ஃபிக்ஸ்_என்கோடிங்கைக் கூப்பிடுங்கள், இந்த இடைவெளியை மீட்கத் தனியாக விதி வைத்திருக்கிறது. கூடவே ‘ஃபிக்ஸ்_அண்ட்_எக்ஸ்ப்ளெய்ன்’ என்ன செய்தது என்று படிப்படியாகச் சொல்லும், ஆனால் இதுவும் இயல்பாக எல்லாத் திருத்தங்களையும் செய்யக்கூடியது. ஆகவே விளக்கத்தைப் படித்துக்கொண்டு அதன் விடையை எழுதாமல் விடுங்கள்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். முதன்மைச் சாவி வரிசையில் சில ஆயிரம் வரிகளாக எடுத்து, மாறியதை மட்டும் எழுதி, பழைய மதிப்பைத் தனி அட்டவணையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பிஜிலோடர்

டிமித்ரி ஃபோன்டேன் தொடங்கியது, காமன் லிஸ்பில் எழுதப்பட்டது. மைஎஸ்க்யூஎல் முகவரி ஒன்று, போஸ்ட்கிரெஸ் முகவரி ஒன்று கொடுத்தால் அட்டவணை, தரவு, இன்டெக்ஸ், அயல்சாவி எல்லாம் கட்டி முடிக்கும். இடமாற்றக் கருவியாக அருமை, சுழி தேதிகளை நல் ஆக்குவது போன்ற சில்லறை வேலைகளைக்கூட மறக்காது. குறியாக்கம் சீர்செய்யும் கருவியாகப் பாதி மதிப்பெண்தான்.

முதல் நிலைக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டளைக் கோப்பில் ‘டிகோடிங் டேபிள் நேம்ஸ் மேட்சிங்’ என்று எழுதி, அட்டவணைப் பெயர் அல்லது பெயரின் ஒழுங்குக்கோவை, பிறகு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால், மைஎஸ்க்யூஎல் சொல்லும் குறியாக்கத்தை நம்பாமல் நீங்கள் சொன்னபடி படிக்கும். குறை என்னவென்றால் இது அட்டவணை அளவில்தான். ஒரே அட்டவணையில் ஒரு புலம் கெட்டு, இன்னொன்று நன்றாக இருந்தால் உதவாது.

அறுந்த வாலைக் கண்டால் இது நடந்துகொள்ளும் விதம் கடுமை. ஒரு பைட் படிக்க முடியாவிட்டால் புலத்தின் மதிப்பு முழுவதையும் நல் ஆக்கி, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தலைப்பின் கடைசி எழுத்து அறுந்ததற்குத் தலைப்பே போய்விடும். ஓட்டம் முடிந்ததும் வரும் சுருக்கப் பட்டியலில் பிழை நெடுவரிசை சுழியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லாகைத் திறக்காமல் பழைய சர்வரை அணைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் ஏற்க மறுத்த வரிகள் தனியாக ஒதுக்கல் கோப்பில் கிடக்கும், அதையும் பாருங்கள்.

இரண்டாம் நிலைத் தரவை இது சத்தமில்லாமல் ஏற்றிவிடும். இரட்டைக் குறியாக்கமும் இலக்கணப்படி சரியான யூடிஎஃப்-8தானே, போஸ்ட்கிரெஸும் மறுக்காது. திரை முழுக்கப் பச்சை, தளம் முழுக்கப் பூச்சி.

ஏற்றிய பிறகு போஸ்ட்கிரெஸிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால் தமிழில் அது நடக்காது. கன்வெர்ட்_டு, கன்வெர்ட்_ஃப்ரம் என்ற செயலிகளை வைத்து ஐரோப்பிய மொழிக்காரர்கள் ஒரே வரியில் முடிப்பார்கள். நாம் லத்தீன்1 என்று கொடுத்தால் ‘க’வில் நிற்கும், ஏனென்றால் அங்கே உள்ள தடித்த புள்ளிக்குறி போஸ்ட்கிரெஸின் உண்மையான லத்தீன்1-இல் கிடையாது. வின்1252 என்று கொடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளியில் நிற்கும், 141 அங்கே ஓட்டை. இரண்டிலும் 22பி05 பிழை. ‘ஐந்து ஏக்கர்’ எந்தப் பக்கமும் தாண்டாது. ஆகவே தமிழ்த் தரவை மைஎஸ்க்யூஎல்லை விட்டு வெளியேறும் முன்பே, அங்கேயே சீர்செய்யுங்கள். முடியாதென்றால் எஃப்டிஎஃப்ஒய்யின் ஸ்லாப்பி வழி.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ‘எஸ்க்யூஎல்_ஆஸ்கி’ என்று உருவாக்கினால் பிழைகள் எல்லாம் நின்றுவிடும் என்றும் ஒரு யோசனை உலவுகிறது. நிற்கும்தான், யாரும் சோதிப்பதில்லை என்பதால். ஒரு தமிழ் எழுத்தின் நீளம் மூன்று என்று விடை வரும், சப்ஸ்ட்ரிங் எழுத்தை நடுவில் வெட்டும்.

நிறுவும்போது ஒன்று: பிஜிலோடர் 3.6 வரிசை மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பான கடவுச்சொல் முறையோடு தடுமாறும். இடமாற்றத்துக்கென்று பழைய நேட்டிவ் முறையில் படிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் ஒருவரை உருவாக்கிக்கொள்ளுங்கள். நீண்ட கட்டுரைகள் உள்ள அட்டவணையில் ‘ஹீப் எக்ஸாஸ்டட்’ என்று விழுந்தால் ‘ப்ரீஃபெட்ச் ரோஸ்’ எண்ணைப் பத்தாயிரத்துக்குக் குறையுங்கள்.

ஐகான்வ்

இரட்டைக் குறியாக்கத்தை அவிழ்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். சிபி1252-க்கு மாற்றச் சொன்னால் புள்ளியில் நின்றுவிடும். நிற்பதைத் தவிர்க்க ‘சி’ தெரிவைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். அது மாற்ற முடியாததைச் சத்தமில்லாமல் தூக்கி எறியும் தெரிவு. 141 போனபின் புள்ளியில் மிஞ்சுவது 224, 175 என்ற இரண்டு பைட். கோப்பு முழுவதும் உடைந்த யூடிஎஃப்-8 ஆகும். பிஎச்பி சீரியலைஸ் செய்த புலங்களில் பைட் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும், அது பொருந்தாமல் போவதால் வேர்ட்பிரஸின் விட்ஜெட், தீம் அமைப்புகள் காணாமல் போகும்.

இதற்குப் பயன் வேறிடத்தில். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் தரவு கையில் இருந்தால், லினக்ஸின் அடிப்படை நூலகமான குளிப்சியோடு வரும் ஐகான்வில் திஸ்கி ஒரு குறியாக்கமாகவே இருக்கிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கும் பழைய வரிசையைப் பின்னால் வைக்கும் யூனிகோட் வரிசைக்கு அதுவே மாற்றும். திஸ்கியின் கீழ்ப்பாதி ஆஸ்கிதான் என்பதால் லத்தீன்1 இணைப்பில் எடுத்த டம்பை முழுக் கோப்பாகவே மாற்றலாம், எஸ்க்யூஎல் கட்டளைகள் சிதையாது.

இலங்கையிலிருந்து வரும் தரவில் பாமினி அதிகம். அது குறியாக்கமே அல்ல, எழுத்துரு. ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஐகான்வுக்கு இது தெரியாது, டம்பை முழுதாக மாற்றினால் இன்சர்ட் என்ற கட்டளையும் தமிழாகிவிடும். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினிக்கு மாற்றி உண்டு. புலம் புலமாக, ஆங்கிலம் கலந்த புலங்களைப் பிரித்துவைத்துவிட்டு ஓட்டுங்கள். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி, பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேறு வேறு தமிழெழுத்து. அரைப்புள்ளியில் கட்டளைகளைப் பிரிக்கும் ஸ்கிரிப்டும், எழுத்தளவு பார்க்காத கொலேஷனும் இங்கே பெரும் குழப்பம் செய்யும்.

எந்தக் கருவியில் முடித்தாலும், தரவு மாறும் அதே நேரத்தில் நிரலின் இணைப்பும் மாற வேண்டும். பிஎச்பியில் மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் செட்_கேர்செட், பிடிஓ என்றால் இணைப்புச் சரத்தில் கேர்செட், இரண்டிலும் யூடிஎஃப்8எம்பி4. பழைய இணைப்பு தொடர்ந்தால் நலமான தரவு கேள்விக்குறியாகத் தெரியும், புதிதாக எழுதுவது மறுபடி இரட்டையாகும்.

பிறகு மூன்று தேடல்கள். மாற்றுக்குறி, அதாவது யூனிகோட் 65533, எத்தனை வரியில் இருக்கிறது? சாய்கோட்டு ‘ஏ’யும் வட்ட ‘ஆர்’உம் அடுத்தடுத்து வரும் வரிகள் எத்தனை? இரண்டுக்கும் விடை சுழியாக வேண்டும். அடுத்தடுத்து மூன்று கேள்விக்குறி உள்ள வரிகளின் எண்ணிக்கை பழைய சர்வரில் இருந்ததைவிடக் கூடக் கூடாது.

தேடலில் கண்ணுக்குத் தெரியும் சொல் அகப்படாவிட்டால் குறியாக்கத்தைச் சந்தேகிக்காமல் ஒகரத்தைப் பாருங்கள். ‘கொ’வை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, பைட்டில் வேறு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் ‘நார்மலைஸ்’ செயலி இருக்கிறது, என்எஃப்சி ஆகாத வரிகளை அதுவே காட்டித் தரும். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி ஒன்று இல்லை, பைத்தானின் யூனிகோட்டேட்டா வழியாகச் செய்துகொள்ள வேண்டும். யுனீக் சாவியுள்ள புலமென்றால் என்எஃப்சி ஆக்கும் முன்பு, ஆக்கிய வடிவில் தொகுத்து எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு வடிவில் இரண்டு கணக்காகப் பதிவாகியிருந்தால் அங்கே மோதும். எதை வைத்துக்கொள்வது என்று கருவி சொல்லாது.